வாசகர் கேள்வி: பத்திரம் கையில், நிலம் அரசிடம்

கேள்வி: தனியார் சொத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சீன அரசியல் சாசனம் சொல்கிறது. ஆனால் நிலம் முழுக்க அரசுடையது என்கிறார்கள். அங்கே வீடு வாங்குபவர் உண்மையில் எதை வாங்குகிறார்?

பதில்: வீட்டையும், அந்த வீடு நிற்கும் நிலத்தைக் குறிப்பிட்ட காலம் பயன்படுத்தும் உரிமையையும் வாங்குகிறார். நிலம் அவருடையது ஆவதில்லை. 1982 சாசனத்தின் 10-ஆம் பிரிவுப்படி நகர நிலம் அரசுக்கு, கிராம நிலம் பெரும்பாலும் ஊர்க் கூட்டுடைமைக்கு. 1988 திருத்தம்தான் பயன்பாட்டு உரிமையைக் கைமாற்ற வழிவிட்டது. 1990 விதிகள் கால அளவை நிர்ணயித்தன: குடியிருப்புக்கு 70 ஆண்டு, தொழிற்சாலைக்கு 50, வணிகத்துக்கும் சுற்றுலாவுக்கும் 40. நீங்கள் சொல்லும் வாசகம் 2004 திருத்தத்தில் வந்தது. பொதுநலனுக்காக இழப்பீடு கொடுத்து அரசு எடுத்துக்கொள்ளலாம் என்பதும் அந்த வாசகம் உள்ள பிரிவிலேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வாங்குபவர்கள் ஏமாறும் இடங்கள் சில உண்டு. 70 ஆண்டு என்பது சாவி வாங்கிய நாளிலிருந்து அல்ல, கட்டுநர் அரசிடம் நிலம் பெற்ற நாளிலிருந்து ஓடுகிறது. கட்டி முடிக்க 6 ஆண்டு ஆகியிருந்தால் கையில் இருப்பது 64. வணிக நிலத்தில் கட்டிய குடியிருப்புகள் மலிவாக விற்கப்படும். அவற்றுக்கு 40 ஆண்டுதான். வீட்டு நிலத்துக்கு உள்ள தானியங்கிப் புதுப்பிப்பும் பொருந்தாது. அதைவிட மலிவானவை ஊர்க் கூட்டுடைமை நிலத்தில் எழுப்பி வெளியாருக்கு விற்கும் வீடுகள். இவற்றுக்கு அரசுப் பதிவுச் சான்று கிடையாது, வங்கியில் அடமானம் வைக்க முடியாது, இடித்தால் இழப்பீடு கேட்கவும் பிடிமானம் இல்லை.

கட்டி முடியாத வீட்டுக்கு முன்பணம் கட்டுபவர் ஐந்து தாள்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும்: நிலப் பயன்பாட்டுச் சான்று, நிலத் திட்ட அனுமதி, கட்டடத் திட்ட அனுமதி, கட்டுமான அனுமதி, முன்விற்பனை அனுமதி. கடைசித் தாளில் தன் கட்டட எண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிறகு ஒப்பந்தத்தை முன்னறிவிப்புப் பதிவு செய்ய வேண்டும். கட்டுநர் அதே வீட்டை இன்னொருவருக்கு விற்பதை அது தடுக்கும். முழுப் பதிவுக்கு வழி பிறந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் முன்னறிவிப்புப் பதிவு செல்லாமல் போய்விடும். இந்த 90 நாளைப் பலர் கவனிப்பதே இல்லை.

கேள்வி: அந்த 70 ஆண்டு முடிந்தால்?

பதில்: 2007 சொத்துச் சட்டம், வீட்டு நில உரிமை தானாகவே புதுப்பிக்கப்படும் என்றது. கட்டணம் உண்டா என்று சொல்லவில்லை. வென்சோ நகரில் சில வீடுகளுக்கு 20 ஆண்டு உரிமையே தரப்பட்டிருந்தது. 2016-இல் அவை காலாவதியானதாகத் தெரிந்தபோது, வீட்டு விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கேட்கப்படும் என்ற செய்தி நாட்டையே பதற வைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் மத்திய அமைச்சகம் தலையிட்டு, விண்ணப்பம் வேண்டாம், கட்டணம் வேண்டாம், வழக்கம்போல் விற்கலாம் என்றது. அது இடைக்கால ஏற்பாடு. 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள குடிமைச் சட்டத் தொகுப்பும் தானியங்கிப் புதுப்பிப்பை உறுதிசெய்துவிட்டு, கட்டணத்தைப் பிற சட்டங்களுக்கு விட்டுவிட்டது.

சிங்கப்பூரின் கெய்லாங் லோரோங் 3 இதற்கு நேர் எதிர். அங்கே 191 வரிசை வீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. வீடுகள் இழப்பீடின்றி அரசிடம் திரும்பின. கடுமையான முடிவுதான். ஆனால் தேதி முதல் நாளிலேயே பத்திரத்தில் இருந்தது, 2017-இலேயே நினைவூட்டவும் செய்தார்கள். வாங்குபவர் அந்தத் தேதியைப் பார்த்து விலை பேச முடிந்தது. வென்சோ வீட்டுக்காரருக்குத் தேதி தெரியும், அதன் பொருள் தெரியாது. எனக்கு இரண்டாவதுதான் மோசமான நிலை.

கேள்வி: சீனாவில் வீட்டை எடுக்க அரசு வந்தால் உரிமையாளர் என்ன செய்ய முடியும்?

பதில்: நகர வீடுகளுக்கு 2011 ஜனவரியில் வந்த விதிமுறைகள் பொருந்தும். இழப்பீட்டுத் திட்டத்தை வெளியிட்டுக் குறைந்தது 30 நாள் கருத்துக் கேட்க வேண்டும். கையகப்படுத்தும் முடிவு அறிவிக்கப்பட்ட நாளில் அதுபோன்ற வீட்டுக்குச் சந்தையில் என்ன விலையோ, அதற்குக் குறையாமல் தர வேண்டும். பணமாகவும் வாங்கலாம், மாற்று வீடாகவும் வாங்கலாம். குடிபெயரும் செலவும், கடை நடத்தினால் தொழில் நின்ற நட்டமும் தனி. இழப்பீடு முதலில், காலிசெய்வது பிறகு. தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டித்து விரட்டுவது சட்டவிரோதம்.

மதிப்பீட்டாளரை அரசு தன்னிஷ்டத்துக்கு நியமிக்க முடியாது. உரிமையாளர்கள் பேசித் தேர்ந்தெடுக்க வேண்டும்; ஒத்துவராவிட்டால் வாக்கெடுப்பு அல்லது குலுக்கல். அறிக்கை கைக்கு வந்த 10 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதிலும் திருப்தி இல்லையென்றால், பதில் வந்த 10 நாளுக்குள் நிபுணர் குழுவிடம் போகலாம். உடன்பாடு ஏற்படாமல் அரசே இழப்பீட்டு முடிவை வெளியிட்டால், நிர்வாக மேல்முறையீட்டுக்கு 60 நாள், வழக்குக்கு 6 மாதம்.

பெரும்பாலோர் தோற்பது இந்தக் கெடுக்களில்தான். அதிகாரி பேசிக்கொண்டே இருப்பார், உரிமையாளர் இன்னும் பேச்சு நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார், கெடு தாண்டிவிடும். வழக்கும் போடாமல் வீட்டையும் விடாமல் இருந்தால், நீதிமன்றத்திடம் உத்தரவு வாங்கி வெளியேற்றலாம். அடுத்த சிக்கல் சான்றிதழ். வீட்டின் முன்பகுதியைக் கடையாக்கியிருப்பார்கள், சான்றிதழில் ‘குடியிருப்பு’ என்றே இருக்கும். விலை குடியிருப்புக் கணக்கில்தான் வரும். அனுமதியில்லாமல் எழுப்பிய மாடிக்கு ஒன்றும் கிடைக்காது. அறிவிப்புக்குப் பிறகு கட்டியதும் அப்படியே.

இத்தனை படிகள் இருந்தும் ஒரு குறை மிச்சம். நிலத்தை எடுப்பதும் உள்ளூர் அரசு, விற்று லாபம் பார்ப்பதும் உள்ளூர் அரசு. 2021-இல் நாடு முழுவதும் உள்ளூர் அரசுகளின் நில விற்பனை வருவாய் சுமார் 8.7 டிரில்லியன் யுவான். அதே ஊர் நீதிமன்றத்தின் நீதிபதிக்கு ‘கூடாது’ என்று சொல்வது எளிதல்ல. விவசாயிகள் நிலை இன்னும் மோசமாக இருந்தது: பழைய சட்டத்தில் உச்சவரம்பே ஆண்டு விளைச்சல் மதிப்பைப் போல் 30 மடங்குதான். நிலம் நாளை அடுக்குமாடிக்குப் போனாலும் கணக்கு தானியத்தில். 2020 ஜனவரி 1-இல் அந்த வரம்பு போனது.

கேள்வி: நாஜி ஜெர்மனி தொழில்களைத் தேசியமயமாக்கவில்லையே? அங்கே தனியார் சொத்துரிமை இருந்ததாகத்தானே பொருள்?

பதில்: பத்திரத்தில் இருந்தது. விமானத் தயாரிப்பாளர் ஹ்யூகோ யுங்கர்ஸ், தேசத்துரோக வழக்கு என்ற மிரட்டலுக்கு ஆளாகி, 1933-இல் காப்புரிமைகளையும் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளையும் எழுதிக் கொடுக்க நேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த பரம்பரைப் பண்ணைச் சட்டத்தின் கீழ் வந்த பண்ணையை உழவர் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. யூதர்களுக்கோ சொத்துரிமையே பறிக்கப்பட்டது. 5,000 ரைஷ்மார்க்குக்கு மேல் சொத்துள்ள யூதர்கள் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று 1938 ஏப்ரலில் ஆணை வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் யூதர்களுக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பின் யூதர்கள் மீதே 100 கோடி ரைஷ்மார்க் தண்டம் விதித்தபோது, ஒவ்வொருவரிடமும் எவ்வளவு பிடுங்குவது என்பதற்கு அந்தக் கணக்குதான் அடிப்படை.

கேள்வி: கியூபாவில் வீடு விற்கலாமா?

பதில்: 2011 நவம்பர் முதல் விற்கலாம். 1960 சட்டம் வாடகைக்காரர்களை உரிமையாளராக்கியது, ஆனால் பிறகு பல பத்தாண்டுகள் வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்ள மட்டுமே அனுமதி இருந்தது. மதிப்பு வித்தியாசம் கைமறைவாகப் பணமாகப் போனது. 2011 விதிகளிலும் ஒருவருக்கு நிலையான வீடு ஒன்று, ஓய்வு வீடு ஒன்று என்பதே வரம்பு.

கேள்வி: பறிமுதல் சட்டம் இல்லாமலே ஒரு நிறுவனத்தை அரசு பிடுங்க முடியுமா?

பதில்: வரித்துறை போதும். ரஷ்யாவின் யூக்கோஸ் எண்ணெய் நிறுவனத்தின் தலைவர் கோதர்கோவ்ஸ்கி 2003 அக்டோபரில் கைதானார். பழைய ஆண்டுகளின் வரிக் கணக்குகள் திறக்கப்பட்டு, நிறுவனம் கட்ட முடியாத தொகை நிலுவையாகக் காட்டப்பட்டது. 2004 டிசம்பரில் அதன் முதன்மை உற்பத்திப் பிரிவை யாருக்கும் தெரியாத ஒரு நிறுவனம் ஏலத்தில் சுமார் 935 கோடி டாலருக்கு எடுத்தது. சில நாட்களில் அந்த நிறுவனத்தையே அரசின் ரோஸ்நெஃப்ட் வாங்கிவிட்டது. தாளில் பார்த்தால் எங்கும் பறிமுதல் இல்லை. வரிபாக்கி, ஜப்தி, ஏலம் மட்டுமே.

யூக்கோஸின் பெரும்பங்குதாரர்கள், எரிசக்தித் துறையில் வெளிநாட்டு முதலீட்டைப் பாதுகாக்கும் பன்னாட்டு உடன்படிக்கையான எரிசக்தி சாசன ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு சர்வதேச நடுவர் மன்றம் போனார்கள். 2014-இல் சுமார் 5,000 கோடி டாலர் தீர்ப்பானது. அவர்கள் வெளிநாட்டில் பதிவான நிறுவனங்கள் வழியாகப் பங்கு வைத்திருந்ததால்தான் அந்தக் கதவு திறந்தது. உள்நாட்டுச் சிறு பங்குதாரருக்கு அந்த ஒப்பந்தம் உதவாது. ஆகவே இப்படிப்பட்ட நாட்டில் முதலீடு செய்பவர், பணம் போடும் முன்பே எந்த நாட்டு நிறுவனத்தின் வழியாகப் போகிறோம், அந்த நாட்டுடன் முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தகராறு வந்த பிறகு பதிவை மாற்றினால் நடுவர்கள் ஏற்பது அரிது. வசூல் தனிப் போராட்டம்: தூதரகக் கட்டடத்தையும் மத்திய வங்கி இருப்பையும் இறையாண்மைப் பாதுகாப்பு (ஓர் அரசின் சொத்தை வேற்று நாட்டு நீதிமன்றம் ஜப்தி செய்யக் கூடாது என்ற விதி) காப்பதால், அரசு வெளிநாட்டில் வணிகத்துக்கு வைத்திருக்கும் சொத்தைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.