மயக்க மருந்தும் மழலைப் பேச்சும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதுதான் கோலாலம்பூரில் என் அன்றாட வேலை. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பேச்சையும் குரலையும் பற்றியவை. முதல் கடிதத்துக்கு மட்டும் நீளமாகவே எழுதுகிறேன். அதில் ஒரு குழந்தையின் நாட்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

என் மகனுக்கு ஏழு மாதம், அண்ணப்பிளவு (வாயின் மேற்கூரையில் பிளவு). அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். இந்த வயதில் மயக்க மருந்து கொடுத்தால் பேச்சு மந்தமாகிவிடும், இரண்டு வயது ஆகட்டும் என்கிறார் மாமியார். தள்ளிப்போடலாமா?
– ஒரு தாய், செந்தூல்

தள்ளிப்போட வேண்டாம், அம்மா. ஆனால் உங்கள் மாமியாரைக் கோபிக்காதீர்கள். அவருடைய அச்சத்துக்கு ஓர் ஆதாரம் இருக்கத்தான் செய்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1989 முதல் 1992 வரை பிறந்த பிள்ளைகளை ரெயின் ஆய்வுக் குழு பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. மூன்று வயதுக்குள் மயக்க மருந்து பெற்றவர்களில் சிலர் பத்து வயதில் மொழிச் சோதனைகளில் பின்தங்கியிருந்தார்கள் என்று 2012இல் தெரியவந்தது. அப்போது என்னைப் போன்றவர்களுக்கே கவலையாகத்தான் இருந்தது.

ஆனால், அந்தப் பிள்ளைகளை அறுவை அறைக்குக் கொண்டுவந்ததே ஏதோ ஒரு நோய். காதுக்குள் நீர் கோத்துச் சரியாகக் கேட்காத பிள்ளை பேச்சில் பின்தங்கினால், குற்றம் காதினுடையதா, மருந்தினுடையதா? அந்த ஆய்வால் அதைப் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

இதைத் தெளிவாக்க, குடலிறக்க அறுவைக்கு வந்த 722 சிசுக்களை ஏழு நாடுகளில் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு முழு மயக்கம். மறு பகுதிக்கு முதுகில் ஊசி போட்டு, உடம்பின் கீழ்ப்பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். ஐந்து வயதில் அளந்தபோது இரு தரப்பின் அறிவுத்திறனிலும் வேறுபாடு இல்லை. 2019இல் வந்த முடிவு இது. அது ஒரு மணி நேரத்துக்குக் குறைவான, ஒரே ஒரு முறை மயக்கம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்தைத் தாண்டுவது, திரும்பத் திரும்பக் கொடுப்பது ஆகியவை குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எச்சரித்திருக்கிறது. காத்திருக்கக்கூடிய அறுவையாக இருந்தால் நானே காத்திருக்கச் சொல்வேன்.

அண்ணப்பிளவு காத்திருக்கக்கூடியது அல்ல. பள்ளியில் படித்த வல்லினமும் மெல்லினமும் நினைவிருக்கிறதா? 'அம்மா' என்னும்போது காற்று மூக்கு வழியே போகலாம். 'அப்பா' என்று சொல்ல, மேலண்ணம் எழுந்து மூக்கின் வழியை அடைக்க வேண்டும். பிளவு இருந்தால் காற்று கசிந்து, 'அப்பா'வும் 'அம்மா' போலவே ஒலிக்கும். குழந்தை பிழையாகப் பழகிய ஒலியைப் பிறகு மாற்றுவதற்குப் பேச்சுப் பயிற்சியில் எத்தனை மாதம் போகும் என்று அப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரைத்தான் கேட்க வேண்டும்.

2023இல் வெளியான ஓர் ஆய்வு அண்ணப்பிளவுள்ள 558 குழந்தைகளில் ஒரு குழுவுக்கு ஆறு மாதத்திலும் மறு குழுவுக்குப் பன்னிரண்டு மாதத்திலும் அறுவை செய்து ஒப்பிட்டது. ஐந்து வயதில் அந்த மூக்கு வழியைச் சரியாக அடைக்க முடியாதவர்கள் ஆறு மாதக் குழுவில் 8.9 விழுக்காடு, பன்னிரண்டு மாதக் குழுவில் 15 விழுக்காடு. வேறு நோய் இல்லாத குழந்தைகளின் கணக்கு இது. எடை, இதயம் போன்ற காரணங்களுக்காக மருத்துவரே தேதியை மாற்றினால் அது வேறு. பயத்தால் நீங்கள் மாற்றாதீர்கள். அடுத்த சந்திப்புக்கு மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள்.

காலையில் பேரனுக்கு டான்சில் அறுவை. அதிகாலையில் அரை டம்ளர் மைலோவாவது கொடுக்கலாமா?
– ஒரு பாட்டி, பட்டர்வொர்த்

மைலோ வேண்டாம், பாட்டி. பால் கலந்துவிட்டால் அது சாப்பாட்டுக் கணக்கு. ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். மயக்கத்தில் இருமும் சக்தி இருக்காது. வயிற்றிலிருந்து மேலே வருவது நேராக நுரையீரலுக்குள் போய்விடும். வெறும் தண்ணீர் கொடுக்கலாம். பொதுவாக இரண்டு மணி நேரம் முன்புவரை அனுமதி. சில மருத்துவமனைகளில் ஒரு மணி நேரம் முன்புவரைகூட. வார்டில் கேட்டுவிட்டுத் தாராளமாகக் கொடுங்கள். பிள்ளை தாகத்தில் வாட வேண்டியதில்லை.

மகள் கோயிலில் தேவாரம் பாடுபவள். டான்சில் எடுத்து நான்கு நாளாகிறது. குரலே வேறு மாதிரி இருக்கிறது.
– ஒரு தந்தை, பிரிக்பீல்ட்ஸ்

மயக்கத்தின்போது மூச்சுக்காக நாங்கள் செலுத்தும் குழாய் குரல் நாண்களுக்கு நடுவே போவதால் வரும் கரகரப்பு சில நாளில் போய்விடும். டான்சில் இருந்த இடம் காலியானதாலும் அண்ணத்தின் வலியாலும் ஒலி மாறும். சில வாரங்களில் பழகிவிடும். அதுவரை பாட்டு வேண்டாம், கத்தலும் வேண்டாம். இரண்டு வாரம் கடந்தும் கரகரப்பு நீங்காவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சை இழுக்கும்போது சத்தம் வந்தாலோ, வாயில் ரத்தம் தெரிந்தாலோ அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். பெரியவர்களுக்கு வாங்கிய கோடீன் கலந்த இருமல் மருந்தை ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள். டான்சில் எடுத்த பிள்ளைகளின் மூச்சை நிறுத்திய மருந்து அது.

மயக்கம் தெளிந்ததும் என் மூன்று வயது மகன் என்னை அடையாளம் தெரியாமல் அலறினான். மூளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா?
– ஒரு தாய், ஆயர் ஈத்தாம்

இல்லை. இரண்டு முதல் ஐந்து வயதுவரை இது அடிக்கடி நடப்பதுதான். அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும், பிள்ளைக்கு நினைவிருக்காது. உங்களுக்குத்தான் மறக்காது என்பது எனக்குத் தெரியும்.

குரல் ஆராய்ச்சியும் என் வேலையும் கைகோக்கும் இடம் இது. பிறந்த சில நாளில் குழந்தை தாயின் குரலை இனங்கண்டு விரும்புகிறது என்று 1980இலேயே காட்டிவிட்டார்கள். கண்விழிக்கும் பிள்ளைக்குத் தாயின் பதிவுசெய்த குரலைக் கேட்கவைத்தால் இந்த அலறல் குறைகிறது என்பது தென் கொரிய ஆய்வு ஒன்றின் முடிவு. எங்கள் தாதியர் மலாய் மொழியில் 'சாயாங், சாயாங்' (செல்லமே, செல்லமே) என்று கொஞ்சுவார்கள். அந்த அன்பு உண்மையானது. ஆனால் அரைத் தூக்கத்தில் பிள்ளை தேடுவது வீட்டில் கேட்ட தமிழை. அடுத்த முறை, நீங்கள் வழக்கமாக அவனை எழுப்பும் சொற்களைக் கைப்பேசியில் பதிந்து கொண்டுபோய், போடச் சொல்லிக் கேளுங்கள்.

ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. இப்போது மகளுக்குச் சளியும் இருமலும். சொன்னால் தள்ளிவைத்துவிடுவார்கள் அல்லவா?
– ஒரு தந்தை, கெப்போங்

சொல்லிவிடுங்கள், ஐயா. சளி பிடித்த பிள்ளையின் குரல்வளை மயக்கத்தின்போது சட்டென்று இறுகிக்கொள்ளும். அந்தச் சில நொடிகளை நான் பார்த்திருக்கிறேன். மூக்கில் தெளிந்த நீர் மட்டும் என்றால் பெரும்பாலும் நடத்திவிடுவோம். காய்ச்சலோ, நெஞ்சுச் சளியோ இருந்தால் இரண்டு முதல் நான்கு வாரம் தள்ளும். வீட்டில் யாராவது புகைபிடித்தால் அதையும் சொல்லுங்கள். அந்தப் புகையும் இதே ஆபத்தைக் கூட்டும். தேதிக்கு முந்திய நாளே வார்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, எப்போது தொடங்கியது, காய்ச்சல் எவ்வளவு, சளியின் நிறம் என்ன என்று சொல்லுங்கள்.