பிரஷர் மாத்திரை செல்லின் சக்தியைக் குறைக்குமா?

கேள்வி: வயது 52. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிடுகிறேன். அது கால்சியம் சேனலை அடைக்கும் மருந்தாம். செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கால்சியம் போனால்தான் சக்தி உற்பத்தி கூடும் என்று படித்தேன். சில வாரங்களாக ஒரே சோர்வு. இதை நிறுத்திவிட்டுக் கால்சியம் மாத்திரை எடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். படித்தது சரிதான், ஆனால் சேனல் வேறு. அம்லோடிபின் அடைப்பது ரத்தக் குழாய்த் தசைச் செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும் எல் வகைச் சேனலை, அதாவது கால்சியம் உள்ளே நுழையும் ஒரு வழியை. தசை தளர்ந்து குழாய் விரிவதால் பிரஷர் இறங்குகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் இருப்பது எம்சியு என்ற முற்றிலும் வேறான புரதம். மைட்டோகாண்ட்ரியா கால்சியத்தை இழுத்துக்கொள்ளும் என்பது 1960களின் தொடக்கத்திலேயே தெரியும், எந்தப் புரதம் வழியாக என்று கண்டுபிடிக்க 2011 வரை ஆனது.

செல்லுக்குள் கால்சியம் ஒரு தகவல். வெளியே இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவாக அதை உள்ளே வைத்திருப்பதால்தான் கொஞ்சம் ஏறினாலும் செல் உடனே கவனிக்கிறது. நீங்கள் படியேறும்போது தொடைத் தசைச் செல்லுக்குள் சேமிப்பறையிலிருந்து கால்சியம் கொட்டுகிறது, தசை சுருங்குகிறது, அதே கால்சியம் பக்கத்தில் ஒட்டியிருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் எம்சியு வழியாகப் புகுந்து அங்குள்ள சில நொதிகளை முடுக்கிவிட, செல்லின் எரிபொருளான ஏடிபி உற்பத்தி கூடுகிறது. வேலை செய் என்ற உத்தரவும் அதற்கான சக்தியைத் தயார்செய் என்ற உத்தரவும் ஒன்றாகவே போய்விடுகின்றன, எனக்கு இது எப்போதும் வியப்புதான். சும்மா இருக்கும்போது எம்ஐசியு1 என்ற காவல் புரதம் வழியை மூடி வைக்கிறது. அது மரபிலேயே பழுதானவர்களுக்குத் தசை பலவீனம் வருகிறது. ஏனென்றால் உள்ளே கால்சியம் மிதமிஞ்சினால் மைட்டோகாண்ட்ரியா வீங்கி, செல்லே செத்துப்போகலாம்.

அதனால் கால்சியம் மாத்திரை இதற்கு உதவாது. ரத்தத்தில் அதன் அளவைப் பாராதைராய்டு ஹார்மோன் கறாராகப் பார்த்துக்கொள்கிறது, கூடுதலாக விழுங்குவது மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்ச் சேராது.

சரி, சோர்வு? அம்லோடிபினால் சிலருக்குச் சோர்வும் கணுக்கால் வீக்கமும் வருவதுண்டு, ஆனால் அதற்குக் காரணம் மைட்டோகாண்ட்ரியா இல்லை. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள், குறட்டையோடு தூக்கம் கெடுகிறதா என்று வீட்டில் கேளுங்கள். மாத்திரை தொடங்கிய பிறகுதான் சோர்வு ஆரம்பித்தது என்றால் அந்தத் தேதியை உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். மூச்சுவாங்கலோ நெஞ்சுவலியோ சேர்ந்துகொண்டால் காத்திருக்காமல் அன்றே போங்கள்.