வேலைக்கு எந்தக் கணினி மொழி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மெக்கானிக்கல் கடைசி ஆண்டு படிக்கிறேன். ஐடி பக்கம் போக ஆசை. எல்லோரும் பைத்தான் படி என்கிறார்கள். படிக்கலாமா?

படிக்க எளிது, சந்தேகமில்லை. ஆனால் எளிதாகப் படிப்பது வேறு, அதை வைத்து வேலை வாங்குவது வேறு. பைத்தானை அதிகம் கேட்பது டேட்டா, மெஷின் லேர்னிங், ஆட்டோமேஷன் டெஸ்டிங் பக்கம். டேட்டா என்றால் கூடவே புள்ளியியலும், டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் எஸ்க்யூஎல்லும் கேட்பார்கள். வங்கி, காப்பீடு மாதிரியான பெரிய சிஸ்டங்களில் ஜாவாவின் கைதான் ஓங்கியிருக்கிறது.

ஒரு மாலை ஒதுக்குங்கள். நீங்கள் வேலை தேடும் ஊரில் 'ஃப்ரெஷர்' என்று வந்திருக்கும் 30 விளம்பரங்களைத் திறந்து, மொழியின் பெயரோடு ஒட்டி வரும் சொற்களையும் தாளில் கோடு போட்டு எண்ணுங்கள்: ஸ்பிரிங் பூட் (ஜாவாவில் சர்வர் எழுத), எஸ்க்யூஎல், கிட் (புரோகிராமின் மாற்றங்களைப் பதிந்து வைக்க), ரியாக்ட் (வெப் திரைகள் எழுத). அதிகம் கோடு விழுந்த கூட்டணிதான் உங்கள் பாடத்திட்டம். அனுபவம் கேட்கும் விளம்பரங்களைச் சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும்.

கேள்வி: ஜாவா, பைத்தான், சி++, ஜாவாஸ்கிரிப்ட் நான்கும் தெரியும். ஆனாலும் டெக்னிக்கல் ரவுண்டிலேயே வெளியே அனுப்பிவிடுகிறார்கள். ஏன்?

நான்கும் மேலோட்டமாகத் தெரிந்தால் அப்படித்தான் ஆகும். ஒரு சோதனை: ஜாவாவில் முழு எண்ணை ஆப்ஜெக்டாக (நினைவகத்தில் தனி இடம் பிடிக்கும் பெட்டி மாதிரி) வைக்கும் 'இன்டிஜர்' வகையில் இரண்டு மாறிகள், இரண்டிலும் 127. '==' போட்டால் 'ட்ரூ' வருகிறது. இரண்டிலும் 128 வையுங்கள், 'ஃபால்ஸ்'! −128 முதல் 127 வரையான எண்களுக்கு ஜாவா ஆப்ஜெக்டுகளை முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு அவற்றையே திரும்பத் திரும்பத் தருகிறது. அதற்கு மேல் போனால் பொதுவாக ஒவ்வொன்றும் புது ஆப்ஜெக்ட். '==' பார்ப்பது மதிப்பை அல்ல, இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்பதை. மதிப்பை ஒப்பிட 'ஈக்வல்ஸ்' வேண்டும். இதை வெறும் இன்டர்வியூ வித்தை என்று தள்ளாதீர்கள். ஆர்டர் எண்ணை இப்படி ஒப்பிட்ட புரோகிராம், பத்து ஆர்டர் போட்டுப் பார்க்கும் டெஸ்டிங்கில் ஒழுங்காக ஓடும். லைவில் 128ஆவது ஆர்டரில் காலை வாரும்.

நான்கில் ஒன்றை எடுத்து ஆறு மாதம் அதிலேயே இருங்கள். லாகின், நாலைந்து டேபிள் உள்ள ஒரு செயலியை எழுதி, சர்வரில் ஏற்றி, அது விழும்போது ஸ்டாக் ட்ரேஸை (பிழை எந்த வரியில் வந்தது என்று காட்டும் பட்டியல்) நீங்களே படித்துச் சரிசெய்யுங்கள். ரெஸ்யூமேயில் மற்ற மூன்றையும் எடுத்துவிடலாம். எழுதியதையெல்லாம் கேட்பார்கள்.

கேள்வி: இசிஇ முடித்து எம்பெடட் போகிறேன். இன்னும் சி தானா?

சி தான். எம்பெடட் என்றால் கருவிக்குள் இருக்கும் சிப்புக்கு எழுதுவது; மொழியோடு, அது ஓடும் சிப்பையும் படிக்க வேண்டிய இடம் இது. ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற பயிற்சி போர்டில், முழு எண்ணை வைக்கும் 'இன்ட்' 16 பிட். 32,767 தான் உச்சம். போர்டு ஓடத் தொடங்கி எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்று 'மில்லிஸ்' தரும் நேரத்தை அதில் போட்டால் 33 நொடி ஆவதற்குள் எண் மைனஸுக்குப் போய்விடும். கம்ப்யூட்டரில் 'இன்ட்' 32 பிட் என்பதால் அங்கே சோதித்தால் தவறு தெரியாது. மைனஸ் இல்லாத 32 பிட் வகையான 'அன்சைன்ட் லாங்' போடுங்கள். அதுவும் சுமார் 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பும். அதனால் 'இப்போது கழித்தல் முன்பு' எவ்வளவு என்று பாருங்கள். முன்பு இருந்த நேரத்தோடு இடைவெளியைக் கூட்டி ஒப்பிடாதீர்கள். ரஸ்ட் என்ற மொழி 2022இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் 6.1க்குள் நுழைந்துவிட்டது என்றாலும், சி கைவந்த பிறகு அதைத் தொடுங்கள்.

கேள்வி: ஆண்ட்ராய்டுக்கு ஜாவாவா, கோட்லினா?

கோட்லின். கூகுள் 2019இலேயே அதற்குத்தான் முதலிடம் என்று அறிவித்துவிட்டது. திரைகளை எழுதும் ஜெட்பேக் கம்போஸும் கோட்லினை நம்பியே இருக்கிறது. பழைய செயலிகளுக்காக ஜாவாவைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும்.

கேள்வி: நேராக டைப்ஸ்கிரிப்டில் தொடங்கலாமா?

டைப்ஸ்கிரிப்ட் என்பது ஜாவாஸ்கிரிப்டோடு வகைகளைச் சேர்த்த மொழி. அதனால் முதலில் ஜாவாஸ்கிரிப்ட், குறிப்பாகத் தாமதமாக வரும் பதில்களைக் கையாளும் ப்ராமிஸும் அசிங்க்–அவெய்ட்டும். டைப்ஸ்கிரிப்ட் வகைகள் கம்பைல் ஆனதும் மறைந்துவிடும். சர்வர் எண்ணுக்குப் பதில் எழுத்தை அனுப்பினால் ஓடும் நேரத்தில் அது உங்களைத் தடுக்காது. நீங்கள்தான் சோதிக்க வேண்டும்.

கேள்வி: பயிற்சியில் கோபோலில் போட்டுவிட்டார்கள். எதிர்காலம் போச்சா?

1959இல் திட்டமிடத் தொடங்கிய மொழிதான், ஆனால் பல வங்கிக் கணக்குகள் இன்றும் அதில்தான் ஓடுகின்றன. ஜேசிஎல் (மெயின்ஃப்ரேம் என்னும் பெரிய கணினியில் வேலைகளை ஓட்டும் கட்டளை மொழி), டிபி2 (டேட்டாபேஸ்) இரண்டையும் சேர்த்தே பிடியுங்கள். வட்டி எப்படிப் போடுகிறார்கள், இரவில் மொத்தமாக ஓடும் பேட்ச் வேலை பாதியில் நின்றால் எங்கிருந்து மறுபடி ஓட்டுகிறார்கள் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஜாவாவும் இருக்கட்டும். பழைய மெயின்ஃப்ரேமை அதற்கு மாற்றும் புராஜெக்டுகளில் இரண்டும் தெரிந்தவரைத்தான் தேடுவார்கள்.