கணக்கு வராது, ஆனால் உலக அரசியலில் ஆர்வம் உண்டு. பொதுக் கொள்கையும் உலகளாவிய ஆளுகையும் முதுநிலையில் படிக்கலாமா? உள்ளே என்னதான் சொல்லித் தருவார்கள்?

பாலிசி என்றால் காப்பீடு என்கிறார்கள், கொள்கை என்றால் எந்தக் கட்சி என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறது இந்தப் படிப்பு. இது புரியாதவர்கள் "பேச்சுப் படிப்பு" என்று ஒதுக்குகிறார்கள். கேட்பவர்களும் பாதிப் பேர் அதை நம்பித்தான் வருகிறார்கள். உங்கள் கேள்வியிலும் அந்த வாடை அடிக்கிறது: செய்தி தவறாமல் படிப்பேன், விவாதம் செய்வேன், கணக்கு மட்டும் ஆகாது, போதும்தானே? போதாது. ஆனால் உங்கள் பயம் தவறான இடத்தில் இருக்கிறது. இங்கே தேவைப்படும் கணிதம் பள்ளி மேல்வகுப்பு அளவுதான். பலரும் சறுக்குவது வேறு இடத்தில்: யார் செய்வார்கள், எந்த அதிகாரத்தில், எந்தப் பணத்தில், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற நான்கு கேள்விகளையும் கேட்காமலே கருத்துச் சொல்லும் பழக்கத்தில்.

முதல் ஆண்டு பெரும்பாலும் நுண்பொருளியல், புள்ளியியல், பொது நிதி, அரசியல் நிறுவனங்கள் என்று போகும். நுண்பொருளியலில் சமன்பாடுகளைவிட, அவை எதைக் காட்டுகின்றன என்பதே முக்கியம். வரியை உதாரணமாக எடுங்கள். சட்டம் யார் தலையில் கட்டுகிறதோ அவர் தலையிலேயே வரி நிற்பதில்லை. விலை ஏறினாலும் வாங்காமல் இருக்க முடியாதவர் தலையில் போய் இறங்கும். "கம்பெனிக்குத்தானே வரி" என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

புள்ளியியலில் ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். 1992 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச மணிநேரக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரு பக்கமும் சேர்த்து 410 துரித உணவுக் கடைகளைக் கணக்கெடுத்து 1994இல் முடிவை வெளியிட்டார்கள். முழுநேர ஆள் கணக்கில், ஒரு கடைக்கு நியூஜெர்சியில் 20.44 பேர் இருந்தது 21.03 ஆனது. பென்சில்வேனியாவில் 23.33 இருந்தது 21.17 ஆனது. நியூஜெர்சியை மட்டும் பார்த்தால் 0.59 கூடியிருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்து மாநிலத்தில் 2.16 குறைந்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் சுமார் 2.75. இந்தக் கழித்தலுக்குக் கால்குலேட்டரே தேவையில்லை. கடினமான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது: கூலி உயராமல் இருந்திருந்தால் இரண்டு மாநிலமும் ஒரே போக்கில் போயிருக்குமா? அந்த அனுமானம் உடைந்தால் 2.75க்கு அர்த்தமே இல்லை. பின்னால் வேறு இரண்டு ஆய்வாளர்கள் சம்பளப் பதிவேடுகளை வைத்து இதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தார்கள், சண்டை பல ஆண்டுகள் நடந்தது. மாணவர்கள் தோற்பது மென்பொருளில் இல்லை. ஆர் (R), ஸ்டேட்டா (Stata) போன்ற புள்ளியியல் மென்பொருளில் கட்டளையைத் தட்டிவிடுகிறார்கள், "யாரோடு ஒப்பிட்டாய், ஏன் அவரோடு?" என்று கேட்டால் வாய் அடைத்துப்போகிறது.

அட்டவணை வாசிப்பதிலும் இதே கதைதான். ஒரு திட்டத்தின் விளைவு 4 மதிப்பெண், நியமப் பிழை (மதிப்பீடு எவ்வளவு ஆடக்கூடும் என்பதன் அளவு) 3 என்று போட்டிருந்தால், உண்மை விளைவு இருக்கக்கூடிய 95 சதவீத நம்பக இடைவெளி ஏறக்குறைய -2 முதல் 10 வரை. "திட்டம் 4 மதிப்பெண் கூட்டியது" என்று அமைச்சருக்கு எழுதினால் அது பொய். "திட்டம் பயன் தரவில்லை" என்று எழுதினாலும் பொய். இந்தத் தரவை வைத்து இரண்டில் எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்று, மழுப்பாமல், ஒரே வரியில் எழுதத் தெரிய வேண்டும்.

எண்ணுக்குள் அரசியல் எப்படி ஒளிந்துகொள்கிறது என்பதற்கு டிஸ்கவுண்ட் ரேட் நல்ல பாடம், அதாவது நாளை வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் ஆண்டு விகிதம். 50 ஆண்டு கழித்து வரப்போகும் 100 கோடி டாலர் நஷ்டத்தைத் தடுக்க இன்று எவ்வளவு செலவழிக்கலாம்? ஆண்டுக்கு 7 சதவீதம் என்று வைத்தால் சுமார் 3.4 கோடி. 3 சதவீதம் என்றால் 22.8 கோடி. 1.4 சதவீதம் என்றால் ஏறக்குறைய 50 கோடி. நஷ்டம் அதேதான், ஆண்டும் அதேதான். 2006இல் பிரிட்டன் அரசுக்காக நிக்கோலஸ் ஸ்டெர்ன் தயாரித்த காலநிலை அறிக்கையின் கணக்கில் இந்த விகிதம் சுமார் 1.4. வில்லியம் நார்தாஸ் போன்ற பொருளியலாளர்கள் மல்லுக்கு நின்றதும் இந்த எண்ணை வைத்துத்தான். பின்னிணைப்பில் சின்ன எழுத்தில் கிடக்கும் இந்த ஒரு விகிதம், இன்னும் பிறக்காதவர்களுக்கு எவ்வளவு மதிப்பு என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. கணக்கு ஆகாது என்று ஒதுங்கினால் இந்த இடம் உங்கள் கண்ணிலேயே படாது.

இனி உலகளாவிய ஆளுகை. உலகத்துக்கு ஒரு அரசு கிடையாது, போலீஸ் கிடையாது. அப்படியிருக்க விதிகள் எப்படி நடைமுறைக்கு வருகின்றன என்பதுதான் பாடமே. கோட்பாடுகளை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். நேரம் பிடிப்பது ஒப்பந்த வாசகத்தைப் படிக்கப் பழகுவது. முன்னுரையை விடுங்கள், அது கல்யாணப் பத்திரிகை மாதிரி. எப்போது அமலுக்கு வரும், முடிவெடுக்க எத்தனை ஓட்டு, பணம் யார் தருவார், மீறினால் என்ன, வெளியேறுவது எப்படி: இந்த ஷரத்துகளுக்கு நேராகப் போங்கள்.

ஓசோன் படலத்துக்கான மான்ட்ரியல் நெறிமுறை 1987இல் கையெழுத்தாகி 1989 ஜனவரி 1 முதல் அமலானது. அது ஏன் ஜெயித்தது என்று கேட்டால் "உலக நாடுகள் ஒன்றுசேர்ந்தன" என்று எழுதுபவர் தோற்றார். 4ஆவது ஷரத்தைப் பாருங்கள்: சேராத நாடுகளோடு அந்த வேதிப்பொருள்களில் வணிகம் செய்யக் கட்டுப்பாடு. வெளியே நிற்பதே நஷ்டமாகிவிட்டது. 5ஆவது ஷரத்து வளரும் நாடுகளுக்கு 10 ஆண்டு அவகாசம் கொடுத்தது. மாற்றுத் தொழில்நுட்பத்துக்குப் பணம் தர 1990 லண்டன் கூட்டத்தில் தனி நிதியம் ஏற்பாடானது. தடி, தவணை, காசு மூன்றும் இருந்தன. மாற்று வேதிப்பொருள்கள் தயாராகிக்கொண்டிருந்ததும், தயாரிக்கும் நிறுவனங்கள் சிலவே என்பதும் உதவின. அதை மறைத்துவிட்டு "காலநிலைக்கும் இதையே செய்யலாமே" என்று எழுதுவது அடுத்த தவறு. படிம எரிபொருள் இல்லாத தொழில் எது?

காலநிலைக்கான கியோட்டோ நெறிமுறை 1997இல் நிறைவேறி 2005 பிப்ரவரி 16 அன்றுதான் அமலுக்கு வந்தது. 55 நாடுகள் ஏற்க வேண்டும், அதோடு தொழில்வள நாடுகளின் 1990 ஆண்டுக் கரியமில வாயு அளவில் 55 சதவீதமாவது அந்த ஏற்புக்குள் வர வேண்டும் என்பது நிபந்தனை. அமெரிக்கா விலகியதும், ரஷ்யா ஏற்றால்தான் கணக்கு தேறும் என்ற நிலை வந்தது. பேரம் பேச ரஷ்யாவுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. அமலாக்க ஷரத்து என்பது வெறும் சடங்கு இல்லை, கடைசியில் வருபவர் கையில் சாவியைக் கொடுக்கும் ஏற்பாடு.

சொற்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் 12, பாரிஸ் காலநிலை ஒப்பந்தம். இறுதி வரைவின் 4ஆவது ஷரத்தில், வளர்ந்த நாடுகள் உமிழ்வைக் குறைப்பதில் முன்னின்று நடத்த வேண்டும் என்ற வரியில் கட்டாயத்தைக் குறிக்கும் "ஷல்" (shall) என்று இருந்தது. அமெரிக்கா மறுத்தது. சட்டக் கட்டாயமாக இருந்தால் செனட்டுக்குப் போக வேண்டியிருக்கும், அங்கே தேறாது. "ஷல்" என்பது, கட்டாயப்படுத்தாத "ஷுட்" (should) ஆனது. எழுத்துப்பிழைத் திருத்தங்களோடு திருத்தமாக அது அவையில் வாசிக்கப்பட்டது. தமிழில் இரண்டுக்குமே "வேண்டும்" என்றுதான் போடுவோம். அதனால்தான் சொல்கிறேன், மொழிபெயர்ப்பிலும் செய்திச் சுருக்கத்திலும் ஒப்பந்தம் படித்துவிட்டு வகுப்பில் வாதாடாதீர்கள்.

ஓட்டு விதிகள் இன்னும் சுவாரசியம். பாதுகாப்பு சபையில் 15 உறுப்பினர், 9 ஓட்டு, ஐவருக்கு வீட்டோ என்பது எல்லோருக்கும் தெரியும். சர்வதேச நாணய நிதியத்தில் வீட்டோ என்ற சொல்லே இல்லை. ஆனால் பெரிய முடிவுகளுக்கு 85 சதவீத ஓட்டு வேண்டும், அமெரிக்காவிடம் இருப்பது சுமார் 16.5 சதவீதம். மீதியை நீங்களே கழித்துப் பாருங்கள். உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றத்துக்கு 7 இடம், ஒரு வழக்கைக் கேட்க 3 பேர், நியமனத்துக்கு எல்லோரின் இசைவு. அமெரிக்கா நியமனங்களைத் தடுத்துக்கொண்டே வந்தது. 2019 டிசம்பரில் 3 பேர்கூட மிஞ்சவில்லை. அதன்பின் தோற்ற நாடு மேல்முறையீடு என்று ஒரு தாளை நீட்டிவிட்டால் போதும், தீர்ப்பு கிடப்பில் கிடக்கும். எந்த விதியும் மீறப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். மறுபக்கம், வங்கி மேற்பார்வைக்கான பாசல் குழுவின் தரநிலைகளுக்குச் சட்டபலமே கிடையாது, ஆனாலும் உறுப்பினரல்லாத நாடுகளும் பின்பற்றுகின்றன. ஏன் என்பது நல்ல ஆய்வேட்டுத் தலைப்பு.

எழுத்துப் பயிற்சிக்கு வருவோம். இங்கே கட்டுரையைவிட மெமோவுக்கு, அதாவது முடிவெடுப்பவருக்கு எழுதும் குறிப்புக்கு, மதிப்பு அதிகம். இரண்டு பக்கம், முதல் வாக்கியத்திலேயே பரிந்துரை. "இளைஞர் வேலையின்மை பன்முகத்தன்மை கொண்டது, விழிப்புணர்வு தேவை" என்று தொடங்குவது குப்பைத்தொட்டிக்கு. இப்படி எழுதிப் பாருங்கள்: "பயிற்சி உதவித்தொகையை மாதக் கடைசியில் தருவதை விட்டு முதல் வாரத்தில் தரலாம். இடைநிற்பவர்களில் பெரும்பாலோர் முதல் மாதத்திலேயே போக்குவரத்துக்குக் காசில்லாமல் நிற்கிறார்கள். புதுச் சட்டம் வேண்டாம், துறை உத்தரவு போதும். மொத்தச் செலவு மாறாது, பணம் போகும் தேதிதான் மாறும்." யார், எதனால், எந்த அதிகாரத்தில், என்ன செலவில் என்பது நாலு வரியில் வந்துவிட்டது. இன்னொரு பொறி: பிரச்சினையைச் சொல்லும்போதே தீர்வை உள்ளே செருகிவிடுவது. "மருத்துவமனைகள் போதவில்லை" என்று தொடங்கினால் கட்டடம் கட்டுவதைத் தவிர வேறு வழியே தோன்றாது. "நோயாளிகள் அதிக நேரம் காத்திருக்கிறார்கள்" என்று தொடங்கினால் நேர ஒதுக்கீடு, செவிலியருக்குக் கூடுதல் அதிகாரம் என்று பல வழி திறக்கும். எதுவும் செய்யாமல் விடுவதையும் ஒரு வழியாக எழுதி ஒப்பிடுங்கள். அதை விட்டுவிட்டு எழுதிய மெமோவை அனுபவமுள்ள அதிகாரி நம்ப மாட்டார்.

எந்தப் பட்டம் என்ற குழப்பத்துக்குச் சுருக்கமாக: எம்பிபி (MPP) என்ற பொதுக் கொள்கைப் பட்டம் என்றால் பகுப்பாய்வு, எம்பிஏ (MPA) என்று எழுதும் பொது நிர்வாகப் பட்டம் நடத்திக் காட்டுவது (வணிக எம்பிஏவோடு, அதாவது MBAவோடு, குழப்பிக்கொள்ளாதீர்கள்), சர்வதேச உறவு என்றால் நாடுகளுக்கிடையிலான அரசியல். பெயரை நம்பாமல் பாடப் பட்டியலைத் திறந்து புள்ளியியல் கட்டாயமா விருப்பமா என்று பாருங்கள். விருப்பம் என்றால் யோசியுங்கள். பிரிட்டனில் பொதுவாக ஓராண்டு, 180 கிரெடிட், அதில் ஆய்வேடு 60 வரை போகும். ஐரோப்பாவின் ஈராண்டுப் படிப்பு 120 ஐரோப்பிய கிரெடிட். ஓராண்டில் கணக்கை முதலிலிருந்து கற்றுக்கொள்ள மூச்சு விட நேரம் இருக்காது, ஆகவே உங்களுக்கு ஈராண்டுதான் நல்லது. தரவரிசைப் பட்டியலை ஒட்டிவிட்டுப் போகும் பதில்கள் இதைச் சொல்லாது.

வகுப்பு தொடங்க 12 வாரம் முன்பே உட்காருங்கள். முதல் 4 வாரம் இயற்கணிதம், மடக்கை, சாய்வு, எளிய வகையீடு. அடுத்த 5 வாரம் நிகழ்தகவு, நியம விலக்கம், நியமப் பிழை, ரிக்ரெஷன் (ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று தரவிலிருந்து மதிப்பிடும் முறை). கடைசி 3 வாரம் உலக வங்கியின் இலவசத் தரவை இறக்கி ஆரில் ஒரே ஒரு வரைபடம். அதில் ஒரு நாட்டின் பெயர் இரண்டு கோப்பில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்து, இணைக்கும்போது சத்தமில்லாமல் காணாமல் போகும். அதைக் கண்டுபிடிப்பதும் பாடம்தான். மூன்றெழுத்து நாட்டுக் குறியீட்டை வைத்து இணைத்தால் தப்பிக்கலாம்.

வேலை? ஐநா கனவில் வருபவர்களுக்கு இரண்டு உண்மை. ஐநாவின் இளம் வல்லுநர் தேர்வுக்கு வயது வரம்பு 32, அந்த ஆண்டுப் பட்டியலில் உங்கள் குடியுரிமை நாடு இருக்க வேண்டும், கேட்பது இளநிலைப் பட்டம்தான். அடுத்து, ஐநா செயலகம் இன்டர்ன்களுக்குச் சம்பளம் தருவதில்லை. நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ வாடகை, விசா, விமானம் எல்லாம் சொந்தக் கைக்காசு. ஐநா குடும்பத்திலேயே இருக்கும் சர்வதேச தொழிலாளர் அமைப்பு இன்டர்ன்களுக்கு உதவித்தொகை தருகிறது என்பதால், முடியாது என்ற சாக்கு எடுபடாது. சமத்துவம் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை போடும் இடம், வீட்டில் காசுள்ள பிள்ளைகளை மட்டும் வாசல் வழியே உள்ளே விடுகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லாத புலம்பல் என்று சிலர் சொல்வார்கள், சொல்லட்டும். கடன் வாங்கிப் படிக்கப்போகிறவருக்குச் சம்பந்தம் உண்டு. அமைச்சகங்கள், ஒழுங்குமுறை ஆணையங்கள், ஆய்வு நிறுவனங்கள், தணிக்கை என்று வேலைகள் உண்டு. இவற்றில் உங்கள் பட்டத்தின் பெயரைவிட அந்த இரண்டு பக்க மெமோவைத்தான் வாங்கிப் பார்ப்பார்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு மாலை நேரம் செலவழியுங்கள். பாரிஸ் ஒப்பந்தத்தின் 28ஆவது ஷரத்தை எடுங்கள். ஒப்பந்தம் அமலாகி 3 ஆண்டு கழிந்த பிறகே விலகல் கடிதம் தரலாம், கடிதம் சேர்ந்து குறைந்தது ஓராண்டு கழித்துத்தான் விலகல் செல்லும். அமலான நாள் 2016 நவம்பர் 4. 2017இல் விலகுவதாக அறிவித்த அமெரிக்கா எந்த நாளில் வெளியேற முடிந்திருக்கும் என்று கணக்குப் போடுங்கள். பிறகு 2020இல் அந்த நாட்டின் அதிபர் தேர்தல் எந்தத் தேதியில் நடந்தது என்று தேடிப் பாருங்கள்.