காய்ச்சலே இல்லையே, பிறகு எப்படி கொரோனா? வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

மருத்துவமனையில் இருக்கும் முதியவர்களுக்குக் கொரோனா வந்தால் என்ன செய்வது என்று வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். 'இன்னுமா கொரோனா?' என்று கேட்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் தேதி அவசரநிலையைத்தான் முடித்தது, வைரஸ் எங்கும் போகவில்லை. 2025 மே, ஜூனில்கூட நம் நாட்டில் கொஞ்சம் தலைதூக்கிவிட்டுப் போனது. இளவயதுக்காரர்களுக்குச் சளியோடு போய்விடும், எண்பது வயதில் ஏற்கெனவே வேறு நோய்க்காகப் படுத்திருப்பவருக்கு அப்படி இல்லை.

என் அம்மாவுக்கு 79 வயது. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. சேர்க்கும்போது எடுத்த டெஸ்டில் கொரோனா இல்லை. பத்தாம் நாள் இருமல், மறுபடி எடுத்தால் பாசிட்டிவ். "நீங்கள்தான் வெளியிலிருந்து கொண்டுவந்திருப்பீர்கள்" என்கிறது மருத்துவமனை. யார் சொல்வது சரி? (வாசகி, கும்பகோணம்)

இதற்கு ஒரு நாள் கணக்கு இருக்கிறது. பிரிட்டனில் பயன்படுத்திய கணக்கைச் சொல்கிறேன். சேர்ந்த இரண்டு நாளுக்குள் தெரிந்தால் வெளியே பிடித்தது. 3 முதல் 7 நாள் வரை என்றால் இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம். 8 முதல் 14 என்றால் பெரும்பாலும் மருத்துவமனைக்குள் பிடித்தது, 15ஆம் நாளோ அதற்குப் பிறகோ என்றால் சந்தேகமே வேண்டாம். உங்கள் அம்மாவுடையது பத்தாம் நாள், அதனால் உள்ளேதான் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் 'உள்ளே' என்றவுடன் டாக்டரையும் நர்ஸையும் மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து பெட்டில் இருமிக்கொண்டிருந்தவர், அவரைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்த சொந்தபந்தம், ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்த உறவினர், ஏன் நீங்களேகூட, எல்லோருமே அந்த 'உள்ளே'யில் அடக்கம். ஆக, மருத்துவமனை சொல்வதும் முழுப் பொய் இல்லை. முதல் அலையில் பிரிட்டனின் 314 மருத்துவமனைகளின் கணக்கைப் பார்த்தபோது, கொரோனா நோயாளிகளில் குறைந்தது 11.3 சதவீதம் பேருக்கு மருத்துவமனையில் சேர்ந்த பிறகுதான் தொற்றியிருந்தது. விசிட்டருக்குத் தடை என்றிருந்த இடத்திலேயே அந்த நிலைமை என்றால், ஒரு நோயாளிக்கு மூன்று அட்டெண்டர் இருக்கும் நம் வார்டுகளில் யார் கொடுத்தார்கள் என்று தேடுவது வீண் வேலை.

அதைவிட அவசரமானது வேறு. இடுப்பெலும்பு ஆபரேஷனும் சரி, கொரோனாவும் சரி, இரண்டுமே காலில் ரத்தம் உறைவதை அதிகமாக்கும். ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடுகிறார்களா என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காக பிசியோதெரபிஸ்ட் வராமல் நின்றுவிட்டால் அதையும் கேளுங்கள். மூச்சு சீராக இருந்தால் மாஸ்க்கோடு அவரை உட்காரவைக்கலாம், எழுப்பி நிறுத்தலாம். அறையில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், கூட ஒரே ஒருவர் இருந்தால் போதும், சளி பிடித்த பேரன் பேத்திகள் போனிலேயே பேசட்டும்.

அப்பாவுக்கு 82. சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தார், சேர்த்தோம், கொரோனா நிமோனியா என்றார்கள். காய்ச்சல் ஒருநாள்கூட அடிக்கவில்லை. ஆனால் சாயங்காலமானால் இறந்துபோன சித்தப்பாவைக் கூப்பிடுகிறார், ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்குகிறார். நர்ஸ் கையைக் கட்டிவிட்டார். மறதி நோய் ஆரம்பித்துவிட்டதா? (வாசகர், மதுரை)

சேர்ப்பதற்கு முந்தைய வாரம்வரை அப்பா தெளிவாக இருந்தாரா? பேப்பர் படித்தார், பென்ஷன் கணக்குப் பார்த்தார் என்றால் இது மறதி நோய் இல்லை. மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். இரண்டு நாளில் வந்து, காலையில் தெளிந்து, பொழுது சாய்ந்தால் ஏறுவது மனக்குழப்பம். உடம்பில் எங்கோ சிக்கல் என்பதற்கு மூளை கொடுக்கும் சத்தம் அது.

வயதானவர்களுக்குக் காய்ச்சல் வந்தே தீரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது, அவர்களின் எதிர்ப்புச் சக்திக்கு உடம்பைக் கொதிக்கவைக்கும் தெம்பே குறைவு. 2020இல் அமெரிக்காவில் கொரோனாவோடு அவசர சிகிச்சைக்கு வந்த 65 வயதுக்கு மேற்பட்ட 817 பேரைப் பார்த்தார்கள். 28 சதவீதம் பேர் குழம்பிய நிலையில் வந்திருந்தார்கள். அப்படிக் குழம்பியவர்களில் 37 சதவீதம் பேருக்கு காய்ச்சல், மூச்சுத்திணறல் போன்ற வழக்கமான அறிகுறி எதுவுமே இல்லை. அதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்வது: தெர்மாமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள், போன வாரம் எப்படி இருந்தார், இந்த வாரம் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். திடீரென்று விழுவது, சோற்றைத் தொடாமல் விடுவது, படுக்கையிலேயே சிறுநீர் போய்விடுவது எல்லாமே அறிகுறிதான்.

கத்திக் கலாட்டா செய்கிற முதியவரையாவது எல்லோரும் கவனிப்பார்கள். இன்னொரு வகை இருக்கிறது, பேசாமல் தூங்கிக்கொண்டே இருப்பார், 'அப்பா நல்லா ரெஸ்ட் எடுக்கிறார்' என்று வீட்டுக்காரர்கள் நிம்மதியாக இருப்பார்கள். எனக்குப் பயம் இவரைப் பார்த்தால்தான்.

டாக்டர் ஆக்ஸிஜன், சோடியம், சுகர், சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், புதிதாகக் கொடுத்த தூக்க மாத்திரை எல்லாம் பார்ப்பார், பார்க்கவில்லை என்றால் கேளுங்கள். உங்கள் வேலை வேறு. வீட்டிலிருந்து அவர் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவாருங்கள், காது மிஷினை மாட்டிவிடுங்கள், பல்செட்டைக் கழுவி வையுங்கள். மாஸ்க் போட்டு கண் மட்டும் தெரியும் ஆட்கள், சரியாகக் கேட்காத காது, பகலா ராத்திரியா என்று தெரியாத டியூப்லைட் வெளிச்சம், இதில் நாமே ஒரு வாரம் கிடந்தாலும் குழம்பிவிடுவோம். 'அப்பா, நான்தான், இது ஆஸ்பத்திரி, இன்றைக்கு வெள்ளிக்கிழமை' என்று அலுக்காமல் சொல்லுங்கள். சித்தப்பா செத்துப்போய்விட்டார் என்று வாதாடவேண்டாம். கையைக் கட்டினால் பெரும்பாலும் ஆவேசம் கூடத்தான் செய்யும். 'நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன், கட்டை அவிழ்த்துவிடுங்கள்' என்று டியூட்டி டாக்டரிடம் கேட்டுப்பாருங்கள், பல நேரம் ஒத்துக்கொள்வார்கள்.

என் மாமனாருக்கு 84. ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். டாக்டர் வந்து "போன மாதம் தானாக நடந்து கடைக்குப் போவாரா, குளிக்க ஆள் வேண்டுமா" என்றெல்லாம் கேட்டார். வயதாகிவிட்டது என்று கைவிடப் பார்க்கிறாரோ என்று எங்களுக்குச் சந்தேகம். (வாசகி, திருநெல்வேலி)

இல்லை. வயதை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கேள்விகள். கனடாவில் உருவான 1 முதல் 9 வரையுள்ள ஒரு அளவுகோல் இருக்கிறது, நோய் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒருவர் எவ்வளவு திடமாக இருந்தார் என்பதைப் பார்ப்பது. பிரிட்டன், இத்தாலியில் 1,500க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பின்தொடர்ந்தபோது, யார் பிழைப்பார் என்பதை வயதையும் கூடவிருந்த நோய்களையும்விட இந்தத் திடம்தான் நன்றாகக் காட்டியது. வயலுக்கு நடந்துபோய்வரும் 84ஐயும் ஒரு வருடமாகப் படுக்கையில் இருக்கும் 70ஐயும் ஒன்றாகப் பார்க்க முடியுமா? 2020இல் கோட்டயம் மருத்துவக் கல்லூரியில் 93 வயதுக் கணவரும் 88 வயது மனைவியும் கொரோனாவிலிருந்து மீண்டு ஏப்ரலில் வீடு திரும்பினார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல் தவித்ததால் இருவரும் பார்த்துக்கொள்ளும்படி ஐசியூவில் இடம் மாற்றினார்கள் என்பதும் அப்போது செய்தியில் வந்தது.

மறைக்காமல் உள்ளதைச் சொல்லுங்கள். வெண்டிலேட்டர் பற்றிய பேச்சு வந்தால், மாமனார் முன்பு எப்போதாவது 'எனக்குக் குழாயெல்லாம் மாட்டாதீங்க' என்றோ, 'எப்படியாவது காப்பாத்துங்க' என்றோ சொல்லியிருக்கிறாரா என்று யோசியுங்கள். அவரே தெளிவாக இருந்தால் அவரிடமே கேட்கலாமே, நம் வீடுகளில் பெரியவரை விட்டுவிட்டு வராண்டாவில் நின்று மகன்கள் முடிவெடுப்பதுதான் வழக்கமாக இருக்கிறது, எனக்கு அது பிடிப்பதில்லை.

வீட்டில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஒருமுறை 96, ஒருமுறை 89 காட்டுகிறது. எதை நம்புவது? (வாசகர், ஓசூர்)

கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு இருந்தால் எடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் அசையாமல் உட்காரவைத்துப் பாருங்கள், எண் நிலையாக நிற்கும்போது வருவதை எழுதுங்கள். அப்படியும் 94க்குக் கீழே என்றால் டாக்டரிடம் போகவேண்டும், 90 அல்லது அதற்கும் கீழே என்றால் யோசிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கருத்த தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும், அதனால் 95 என்றாலும் மூச்சு வாங்கினால் மூச்சைத்தான் நம்பவேண்டும்.

"ஆரம்பத்திலேயே ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால் ஆஸ்பத்திரிக்கே போயிருக்க வேண்டாம்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா? (வாசகர், சேலம்)

பக்கத்து வீட்டுக்காரர் பாதி உண்மையைச் சொல்கிறார், இந்த விஷயத்தில் பாதி உண்மை ஆபத்து. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு வெளிவந்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான பழைய ஸ்டீராய்டு, நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். வெண்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது, ஆக்ஸிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்கு? ஒரு பயனும் இல்லை, கெடுதலாகக்கூட இருக்கலாம் என்றுதான் தெரிந்தது. முதல் சில நாட்களில் வைரஸோடு சண்டைபோடும் எதிர்ப்புச் சக்தியை நாமே பிடித்துக் கட்டினால் என்ன ஆகும்?

அதோடு ஸ்டீராய்டு சுகரை எகிறவைக்கும். 2021 இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை அவ்வளவு பேரைத் தாக்கியதற்குக் கட்டுப்படாத சுகரும் அளவில்லாமல் கொடுத்த ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்கள். மருத்துவமனையில் ஸ்டீராய்டு கொடுத்தால், முன்பு சுகர் இல்லாதவருக்கும் தினம் சுகர் பார்க்கச் சொல்லுங்கள்.

பாட்டிக்கு கொரோனா சரியாகி டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது, ஆனால் பாத்ரூம்வரைகூட நடக்க முடியவில்லை, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. எந்த டாக்டரிடம் காட்டுவது? (வாசகி, விழுப்புரம்)

புரையேறுவதை முதலில் பாருங்கள். பலவீனத்தில் தொண்டைத் தசையும் தளர்ந்திருக்கும், குடிப்பது நுரையீரலுக்குப் போனால் மறுபடி நிமோனியா. படுத்தபடி எதையும் கொடுக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாயைக் கொஞ்சம் தாழ்த்தி, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள், சாப்பிட்ட பிறகு அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கட்டும். இந்த வாரத்திலேயே டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

நடக்க முடியாததற்குக் காரணம் வைரஸைவிடக் கட்டில். ஆரோக்கியமான முதியவர்களையே பத்து நாள் படுக்கவைத்து அளந்த ஓர் ஆய்வில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. பாட்டி நோயாளி வேறு. கஞ்சியும் ரொட்டியும் மட்டும் கொடுத்தால் அந்தத் தசை திரும்பாது. முட்டை, மீன், சைவம் என்றால் கெட்டிப் பருப்பு, குழைய வேகவைத்த சுண்டல், தயிர், இதெல்லாம் வேண்டும், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாற்காலியிலிருந்து பிடித்து எழுந்து உட்காருவது, வேளைக்கு ஐந்து தடவை, அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் சிலவற்றில் முதியோர் பிரிவு இருக்கிறது, உங்கள் ஊரில் விசாரியுங்கள். சென்னைக்கு வர முடிந்தால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது, முதியோருக்கென்று கட்டி 2020 ஜூலையில் கொரோனா மருத்துவமனையாகத் திறந்த கட்டடம் அது, 2024 பிப்ரவரியில்தான் முதியோர் மருத்துவமனையாகத் திறந்தார்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியையும், பாட்டி இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். ஆஸ்பத்திரியில் ஆரம்பித்த தூக்க மாத்திரை அந்தப் பையில் இன்னும் இருந்தால், அதை நிறுத்தலாமா என்று முதலில் கேளுங்கள்.