கம்மி பட்ஜெட் பிசிக்கு எந்த மதர்போர்டு? உங்க கேள்விகளுக்கு பதில்

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல மதர்போர்டு பத்திதான். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், ஆஃபர்ல கிடைக்குதேன்னு போர்ட வாங்கி வச்சிட்டு அதுக்கு ப்ராசஸர் தேடாதீங்க. ப்ராசஸர முடிவு பண்ணுங்க, போர்டு பாதி தானா முடிவாயிடும்.

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்ல எச்61 போர்டு, மூணாவது ஜெனரேஷன் ஐ5, 8 ஜிபி ரேம் எல்லாம் சேத்து ரொம்ப கம்மியா தர்றாங்க. போர்டு புதுசாம். வாங்கலாமா?

போர்டு புதுசா இருக்கலாம், ஆனா அதுல இருக்கற எச்61ங்கற சிப்செட் (போர்டுல எது எது ஓடும்னு தீர்மானிக்கற சிப்) வந்தது 2011ல. பழைய பஞ்சாங்கத்துக்கு புது அட்டை போட்ட கதைதான். ரேம் 16 ஜிபிக்கு மேல ஏறாது, சாட்டா (ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி மாட்டற இணைப்பு) பழைய 3 ஜிபிபிஎஸ் வேகம்ங்கறதால எஸ்எஸ்டி போட்டாலும் பாதி வேகம்தான் வரும், யூஎஸ்பி 3 சிப்செட்லயே கிடையாது. விண்டோஸ் 11க்கு இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனாவது கேக்கறாங்க, விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு. லினக்ஸ் போட்டு பசங்க டைப்பிங் பழகன்னா சரி, மத்தபடி வேணாம்.

கேள்வி: ரைசன் 5 5600ஜி வாங்கறேன், இப்போதைக்கு கிராஃபிக்ஸ் கார்டு இல்ல. ஏ520 போர்டு போதுமா, கடைக்காரர் பி550 தான் எடுக்கணும்னு சொல்றாரு?

ஏ520 தாராளமா போதும். பி550ல பிசிஐஇ 4.0 (கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி மாட்டற வேகமான இணைப்பு) இருக்குன்னு சொல்லுவாரு, நிஜம்தான், ஆனா 5600ஜி ப்ராசஸரே 3.0 தான், அதனால அந்த 4.0 சும்மாதான் கிடக்கும். ஏ520ல ப்ராசஸர ஓவர்கிளாக் பண்ண (அதோட வேகத்த நாமளே கூட்டி வைக்க) முடியாது, வீட்டு உபயோகத்துக்கு அது யாருக்கு வேணும் சொல்லுங்க. மிச்சமாகற காச ரேம்ல போடுங்க, அதுவும் ஒரே 16 ஜிபியா இல்லாம 8 ஜிபி ரெண்டா, ஏன்னா இதோட கிராஃபிக்ஸுக்கு தனி மெமரி கிடையாது, ரேம்ல இருந்துதான் எடுத்துக்கும், ரெண்டு போட்டாதான் டூயல் சேனல்ல, அதாவது ரெண்டு ரேமும் ஒரே நேரத்துல வேலை செய்யற மாதிரி ஓடும், கேம்ல வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இன்னொண்ணு, பயாஸ், அதாவது பிசி ஆன் பண்ணதும் முதல்ல ஓடற, போர்டுலயே இருக்கற சாஃப்ட்வேர். ஏ520, பி450 எல்லாம் இந்த ப்ராசஸருக்கு முன்னாடியே வந்த போர்டு, பழைய ஸ்டாக்கா இருந்தா ப்ராசஸர அடையாளமே தெரியாம முழிக்கும். நானே ஒரு தடவ மாட்டிக்கிட்டேன், ஃபேன் சுத்துது, ஸ்க்ரீன் கருப்பு, ரேம மாத்தி மாத்தி போட்டு, பவர் சப்ளைய சந்தேகப்பட்டு ஒரு ஞாயித்துக்கிழமையே போச்சு, கடைசில கடையில பழைய ப்ராசஸர் ஒண்ண மாட்டி பயாஸ் அப்டேட் பண்ணித் தந்தாங்க. அதனால கடையிலயே அப்டேட் பண்ணி வாங்கிடுங்க, இல்லன்னா பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கற போர்டா பாருங்க, ப்ராசஸர் இல்லாமலே பென்டிரைவ்ல ஏத்திக்கலாம்.

கேள்வி: எச்610 போர்டுக்கு என்கிட்ட இருக்கற டிடிஆர்4 ரேம் சேருமா?

போர்டு மாடலப் பொறுத்தது. எச்610ல டிடிஆர்4 போர்டும் இருக்கு, டிடிஆர்5 போர்டும் இருக்கு, பெட்டிய திருப்பி பாருங்க. ரெண்டு ரேமுக்கும் 288 பின்தான், ஆனா நடுவுல இருக்கற வெட்டு இடம் மாறும், சேரலன்னு அழுத்திடாதீங்க.

கேள்வி: ஐ3 12100எஃப், புது எச்610 போர்டு. போர்டு எச்டிஎம்ஐல மானிட்டர் குத்துனா டிஸ்ப்ளே வரல. போர்டு போச்சா?

போர்டு நல்லாதான் இருக்கு. எஃப்னு முடிஞ்சா உள்ள கிராஃபிக்ஸ் கிடையாது, கார்டு வாங்கி மானிட்டர அதுல குத்தணும். கார்டு வாங்கற ஐடியா இல்லன்னா எஃப் இல்லாத 12100ஆ மாத்திக்க முடியுமான்னு கேளுங்க.

கேள்வி: ஏஎம்டியோட ஏஎம்4 சாக்கெட் (போர்டுல ப்ராசஸர் மாட்டற இடம்) பழசாயிடுச்சு, ஏஎம்5 போகலாமா?

காசு இருந்தா போலாம். 2022 செப்டம்பர்ல வந்தது, 2027க்கு அப்புறமும் சப்போர்ட் இருக்கும்னு ஏஎம்டி சொல்லியிருக்காங்க, போர்ட வச்சுக்கிட்டு ப்ராசஸர மட்டும் மாத்திக்கலாம். 65 வாட் ப்ராசஸர்னா ஏ620 போர்டே போதும். ஆனா டிடிஆர்5 மட்டும்தான் போடும், பழைய ரேம் உதவாது, அதனால போர்டு விலைய மட்டும் பாத்து கணக்கு போடாதீங்க, ரேம் விலையும் சேத்து கூட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் போர்டு வாங்கும்போது என்ன பாக்கணும்?

இன்டெல் எல்ஜிஏ1700 (மேல சொன்ன 12100 மாட்டற சாக்கெட்), ஏஎம்5 ரெண்டுலயும் பின் சாக்கெட்லதான் இருக்கும், செல்போன் டார்ச் அடிச்சு சாய்ச்சு பாருங்க, ஒரு பின் வளைஞ்சிருந்தாலும் விட்டுட்டு வந்துடுங்க. ரேம் ஸ்லாட் ஒவ்வொண்ணுலயும் ரேம் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, நாலுல ஒண்ணு செத்துக் கிடக்கறது சகஜம். பயாஸ்ல தேதி மாறி மாறி வந்தா பயப்பட வேணாம், பெரும்பாலும் சிஆர்2032 பேட்டரிதான், பக்கத்து வாட்ச் கடையிலயே கிடைக்கும். கேபினெட் பின்னாடி, போர்டோட யூஎஸ்பி, எச்டிஎம்ஐ ஓட்டைங்கள சுத்தி மாட்டற அந்த தகரத் தட்டயும் மறக்காம கேட்டு வாங்குங்க, தனியா தேடினா அந்த மாடலுக்கு கிடைக்கறது கஷ்டம்.