சிகாகோ பல்கலைக்கழகம் தன் அமெரிக்கக் கால்பந்து அணியை ஏன் கலைத்தது?

அமெரிக்கக் கால்பந்து என்பது நாம் ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மறிப்பவர்களை முட்டி மோதி எல்லைக்கோடு வரை ஓடும் ஆட்டம். அங்கே பல்கலைக்கழக அணி என்றால் பயிற்சியாளர், அரங்கம், டிக்கெட் வசூல் என்று தனி சாம்ராஜ்யம்.

சிகாகோவில் அதைக் கட்டியவர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக். 1892 முதல் 1932 வரை, நாற்பது ஆண்டுகள் அவர்தான் பயிற்சியாளர். சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை 1935இல் முதன்முதலாக வாங்கிய ஜே பெர்வாங்கரும் சிகாகோ மாணவரே.

அப்புறம் சரிவு. மற்ற பல்கலைக்கழகங்கள் ஆட்டத்துக்கென்றே ஆள் பிடித்தன. சிகாகோவின் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸுக்குப் படிப்புதான் முக்கியம். தெருக் கிரிக்கெட் பையன்களை ரஞ்சி அணியோடு மோதவிட்டால் என்ன ஆகும்? அதேதான். 1939இல் மிச்சிகனிடம் 85-0 என்று தோற்றார்கள். அந்த டிசம்பரிலேயே அணி கலைக்கப்பட்டது. துணிச்சலான முடிவுதான், பெயர் பெற்ற அணியைக் கலைக்க யாருக்கு மனம் வரும்?

ஆளில்லாமல் போன அரங்கின் மேற்குப் பார்வையாளர் மேடைக்கு அடியில் ஒரு ஆட்டக்கூடம் இருந்தது. அங்கேதான் 1942 டிசம்பர் 2 அன்று இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் செயற்கை அணு உலையை இயக்கிக் காட்டியது.

அணு உலைக்காகவே கால்பந்தை நிறுத்தினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அணி போய் மூன்று ஆண்டு கழித்துத்தான் உலை வந்தது. 1969இல் அணியும் திரும்பி வந்து, விளையாட்டு உதவித்தொகை தராத, கல்லூரிப் போட்டிகளின் மூன்றாம் பிரிவில் இன்றும் ஆடுகிறது.